எங்கள் பிளாட் குழு: ஞாயிறு இரவு வந்த படிவம்

*மயூரன் (5ஆம் மாடி), இரவு 7.42*
எல்லோருக்கும் வணக்கம். செக்யூரிட்டி ஐயா கொடுத்த படிவம் உங்களுக்கும் கிடைத்ததா? முழுக்கச் சிங்களம். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வீட்டில் வந்து நிற்கும் விருந்தினர் விவரம் எல்லாம் கேட்டிருக்கிறது. எந்தச் சட்டத்தில் கேட்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. இலச்சினையும் இல்லை.

*சாந்தி அக்கா (2ஆம் மாடி), 7.45*
நான் நிரப்பிக் கொடுத்துவிட்டேன் தம்பி.

*மயூரன், 7.46*
யார் கேட்டதாம் அக்கா?

*சாந்தி அக்கா, 7.46*
பொலிஸ் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

*மயூரன், 7.51*
நான் எழுத்தில் கேட்கப் போகிறேன். 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் படிவம் தரச் சொல்லிக் கேட்பது பிழையில்லையே.

*சாந்தி அக்கா, 7.53*
வேண்டாம் தம்பி. மகனுக்கு விசா அலுவல் நடக்கிறது. பெயர் எங்காவது பதிந்துவிட்டால் பிறகு யாரிடம் போய் அழுவது? இந்த மெசேஜையும் அழித்துவிடுங்கள்.

*செல்வம் அங்கிள் (4ஆம் மாடி), 7.55*
தயவுசெய்து இதை இந்தக் குழுவில் கதைக்க வேண்டாம்.

*ரிஸ்வானா ஆன்ட்டி (1ஆம் மாடி), 8.10*
சாந்தியின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் என்ன செய்தார்? தமிழில் கவிதை எழுதினார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுவித்தது. தற்காலிகம் என்று பெயரிலேயே எழுதிய சட்டம், 1979இல் இருந்து கிடக்கிறது.
என் மகனும் கவிதை எழுதுவான். ஜஸீமைப் பிடித்த வருடம் அவனுடைய கொப்பிகளை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒருவரும் வந்து கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அதற்குப் பிறகு அவன் எழுதவே இல்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

*செல்வம் அங்கிள், 8.47*
மன்னியுங்கள், முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.
2007 ஜூன் 7. விடியப்புறம். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காக வந்து லொட்ஜில் நின்றோம். கதவைத் தட்டினார்கள். அரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். கிளினிக் கொப்பியை நீட்டினேன், திறந்துகூடப் பார்க்கவில்லை. கொடியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவும் விடவில்லை. பஸ் முழுக்க அம்மா அந்தச் சேலையைப் பற்றியே கதைத்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அன்று 376 தமிழரைக் கொழும்பிலிருந்து பொலிஸார் ஏற்றினார்கள். எங்கள் பஸ் வவுனியாவுக்குப் போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.
அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றம் போய் வெளியேற்றத்தை நிறுத்த இடைக்கால உத்தரவு வாங்கியது. பிரதமரே பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்த மனுவை எழுதியவர்களுக்கு என்னையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது. அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும்தானே, அது எப்படிப்பட்ட காலம்!
தம்பி, கடிதத்தை எழுதுங்கள்.

*மயூரன், 8.58*
அங்கிள், இத்தனை வருடமாக ஒரே லிஃப்டில் போய் வருகிறோம். எனக்குத் தெரியாது.

*செல்வம் அங்கிள், 8.59*
வீட்டில் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

*மயூரன், 9.20*
சரி, இப்படி எழுதியிருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பொலிஸின் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி: இந்தப் படிவம் உங்களுடையதா, எந்தச் சட்டத்தின்படி, விவரங்கள் யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும். ஏன் கேட்கிறோம் என்று நாங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மிரட்டல் ஏதும் வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

*ரிஸ்வானா ஆன்ட்டி, 9.24*
ஒருவர் எழுதினாலே போதுமா?

*மயூரன், 9.25*
சட்டப்படி போதும். ஆனால் ஒரு பெயர் மட்டும் இருந்தால் அந்த ஒரு கதவைத்தான் தட்டுவார்கள் ஆன்ட்டி.

*ரிஸ்வானா ஆன்ட்டி, 9.26*
அப்போ என்னையும் போடுங்கள். மகனிடம் கேட்டேன், தானும் வருகிறானாம்.

*சாந்தி அக்கா, 9.48*
தம்பி, நான் கொடுத்த படிவம் இன்னும் செக்யூரிட்டி ஐயாவின் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. இப்போதுதான் கீழே போய் வாங்கி வந்தேன். பதில் வரட்டும், பிறகு கொடுக்கிறேன். கடிதத்தில் என்னை ‘2ஆம் மாடி’ என்று மட்டும் போட முடியுமா?

*மயூரன், 9.49*
போடலாம் அக்கா.

*செல்வம் அங்கிள், 9.50*
என் பெயரை முழுதாகப் போடுங்கள். அப்பா பெயரும் சேர்த்து.