புதுப்பிப்பு: உலர் திராட்சை தின்ற மணி

சனிக்கிழமை இங்கே பதறிப்போய் எழுதியிருந்தேன்: பாயசத்துக்கு எடுத்து வைத்த உலர் திராட்சையில் ஒரு கைப்பிடியை எங்கள் நாய் மணி தின்றுவிட்டான் என்று. ‘உடனே டாக்டரிடம் ஓடுங்கள்’ என்றவர்களுக்கு நன்றி. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். முழுசு முழுசாக வந்தது. அப்புறம் இரண்டு நாள் டிரிப்ஸ். திராட்சையால் நாய்க்கு வரும் சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரிய மூன்று நாள் வரை ஆகுமாம். இன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறது.

தூக்கிவாரிப் போட்டது இன்னொரு விஷயம். திராட்சையில் நாய்க்கு ஆகாதது டார்டாரிக் அமிலம்தான் என்று 2021 முதல் சந்தேகிக்கிறார்கள். புளியிலும் அது நிறைய. நானோ மிச்சப் புளிக்குழம்புச் சோற்றைத்தான் இத்தனை வருஷமாகத் தட்டில் போட்டேன். அதில் வெங்காயம் வேறு, அதுவும் நாய்க்கு ஆகாது! இனி வெறும் சோறும் முட்டையும்தான். மணிக்குத்தான் கோபம்.