'மின்தூண்டல்' தலைவலிக்காரருக்கு ஒத்துவருமா? ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

தலைவலி நோயாளிகளுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 12ஆம் பக்கத்தில் 'தலைவலித் தூண்டிகளைத் தவிர்க்கவும்' என்று ஒரு பட்டியல்: தூக்கம் கெடுவது, வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பது, கண் கூசும் வெளிச்சம், மாதவிடாய் நாட்கள். 31ஆம் பக்கத்தில் 'நெற்றி நரம்புக்குத் தினமும் 20 நிமிடம் மின்தூண்டல் கொடுக்கவும்' என்று வருகிறது. தோலில் ஒட்டும் கருவியால் நரம்புக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும் சிகிச்சை அது. மெய்ப்புப் பார்த்த என் அக்கா இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, "தூண்டினால் வலி வரும் என்கிறாய். அப்புறம் நீயே தூண்டச் சொல்கிறாய். எதை நம்புவது?" என்று கேட்டார். 20 ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியோடு வாழ்கிறவர் அவர். கையேடே அவரைப் போன்றவர்களுக்குத்தான்.

பாடப்புத்தகத்தில் தூண்டலும் துலங்கலும் படித்தவர்களுக்கு இது உறுத்தாது. ஆனால் திரியைத் தூண்டுகிறோம், சண்டைக்குத் தூண்டுகிறோம். அடங்கிக் கிடப்பதை எழுப்புவதற்குத்தான் வீட்டில் அந்தச் சொல். தலைவலிக்காரரின் நரம்போ ஏற்கெனவே எழுந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்கு நியூரோமாடுலேஷன் என்ற பெயரும் புழங்குகிறது. அகராதி வழியே போனால் 'நரம்புப் பண்பேற்றம்' என்று வந்து நிற்கும். வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.), அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) என்று தேர்வுக்கு உருப்போட்டவர்கள், நெற்றியில் வானொலி நிலையம் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் முழுக்க வேறொரு ஆசையில் திரிந்தேன். தமிழில் யாழின் தந்தியும் நரம்புதான். யாழ் வாசிப்பவர் விரலால் செய்யும் எட்டுச் செயல்களில் தைவரல் என்று ஒன்று உண்டு. தைவரல் என்றால் தடவுதல். 'நரம்புத் தைவரல்' என்று எழுதி, உரக்கப் படித்துப் பார்த்து, வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். மருந்துக் கடையில் போய், "ஒரு தைவரல் கருவி கொடுங்கள்" என்று யார் கேட்பார்?

கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம் 'மின்தணிப்பு'. கருவிக்கு மின்தணிப்பி. வலி தணியத்தானே வைத்துக்கொள்கிறோம்? குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் அம்மா.

நான் தலைவலி மருத்துவம் பார்ப்பவன். உங்கள் அக்காவின் கேள்வி நியாயமானது. மின்தணிப்பை மட்டும் ஏற்க முடியவில்லை.

நெற்றியில் ஒட்டும் கருவியைப் பெல்ஜியத்தில் 67 பேரிடம் மூன்று மாதம் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள், உண்மைக் கருவி வைத்தவர்களில் 38.1 விழுக்காடு, போலிக் கருவி வைத்தவர்களில் 12.1 விழுக்காடு. பயன் மெய்தான், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் விற்பனைக்கு அனுமதித்தது. ஆனால் மீதிப் பேர்? மூன்று மாதம் வைத்தும் தணியாதவர் கையில் 'தணிப்பி' என்று எழுதிய பெட்டி இருந்தால், கோளாறு தம்மிடம்தான் என்று எண்ணிக்கொள்வார். அப்படி எண்ணி நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவி என்ன செய்கிறதோ அதைப் பெயர் சொல்லட்டும். என்ன பலன் தரும் என்பதை மருத்துவர் சொல்லிக்கொள்வார்.

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், ஆறாத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை (மின்சாரம் பாய்ச்சும் மீன்) வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார், அந்த இடம் மரத்துப்போகும் வரை. அந்த மீனுக்கு இலத்தீனில் டார்பீடோ என்று பெயர்; மரத்துப்போவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. மீனுக்குப் பெயர் வைத்தவர் அது நோய் தீர்க்கும் என்று சொல்லவில்லை. தொட்டால் மரத்துப்போகும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தூண்டல் என்பதும் பொய்யில்லை. முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதல்லவா? தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகள் கிளர்ந்தால், மெல்லிய இழைகளில் வரும் வலிச்செய்திக்குத் தண்டுவடத்து வாயில் பாதி மூடிக்கொள்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கோட்பாடாக்கினார்கள். இந்தக் கருவிகள் பலவற்றுக்கும் மூலக்கருத்து அதுதான்: மின்சாரம், தேய்க்கும் கையின் வேலையைச் செய்கிறது. அது ஒன்றே முழு விளக்கம் ஆகிவிடாது. மேற்கையில் கட்டி 45 நிமிடம் ஓட்டும் கருவியும் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கிறது. அங்கே மூளைத்தண்டிலிருந்து இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளை எழுப்புவதுதான் நோக்கம். கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் 2 நிமிடம் வைக்கும் கருவி, மூளையிலிருந்து கழுத்து வழியே வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பை எட்டுகிறது. சரியான இடத்தில் வைத்திருந்தால் கீழுதட்டின் ஓரம் இழுக்கும். வாரக்கணக்கில் கொத்துக் கொத்தாக வலி வரும் கொத்துத் தலைவலிக்காரர்களுக்கு இது ஒரு வழி. வலி வந்தால் படுக்கவும் முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பவர்கள் அவர்கள். (வேகஸை வேகஸாகவே விட்டுவிடுங்கள். இலத்தீனில் 'அலைவது' என்று பொருள் என்பதற்காக 'அலைநரம்பு' என்றால், கடலலை என்றுதான் படிப்பார்கள்.)

என்னிடம் வருபவர்கள் புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டி, "இந்த இடத்தை நீவிவிட்டால் கொஞ்சம் தேவலை" என்பார்கள். உங்கள் சொல் அங்கே இருக்கிறதா பாருங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக் கூடாது. 31ஆம் பக்கத்தில் அது தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

* * *

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'ஒற்றைத் தலைவலி' என்ற சொல்லையே முதலில் திருத்த வேண்டாமா? மைக்ரேன் பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது. பெரும்பாலும் பக்கம் மாறாமல் ஒரே பக்கம் பிடித்துக்கொள்வது கொத்துத் தலைவலிதான். பெயர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

* * *

ஐயா, வணக்கம்.

தணிப்பைக் கைவிட்டேன். அந்த 38.1 என்ற எண் என் வாயை அடைத்துவிட்டது.

ஒற்றைத் தலைவலி பற்றிச் சொன்ன நண்பருக்கு: நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனாலும் மாற்ற மாட்டேன். ஊர் முழுக்க ஊறிப்போன சொல்லை ஒரு கையேட்டால் பிடுங்க முடியாது.

உங்கள் 'நீவிவிட்டால்' என்பதிலிருந்து 'நீவல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அது கண்ணில் படுவதற்கு முன்னால் 'மின்வருடல்' என்று நாலு பக்கம் எழுதிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. அப்புறம் நினைவுக்கு வந்தது, ஸ்கேனரை வருடி என்றுதானே எழுதுகிறோம்? மருத்துவமனையில் 'தலைக்கு மின்வருடல்' என்றால் படம் எடுக்கப்போகிறார்கள் என்று நகையைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

நீவல் அப்படி எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. அழுத்தியும் அழுத்தாமலும் தோலின் மேல் ஒரே போக்கில் கை போவது நீவுதல். நீங்கள் சொன்ன தேய்க்கும் கை அதற்குள்ளேயே இருக்கிறது. பலனைப் பற்றி அது எந்த உறுதியும் தரவில்லை. நீவிவிட்டும் வலி போகாத இரவுகள் எல்லார் வீட்டிலும் உண்டு.

புணர்ச்சியில் மட்டும் ஒரு சிக்கல். மின் + நூல் மின்னூல் ஆவதைப் போல மின் + நீவல் 'மின்னீவல்' ஆகும். கருவி, மின்னீவி. முதல் பார்வையில் மின்னுகிற ஏதோ ஒன்று போலத் தெரிகிறது. 'மின் நீவல்' என்று பிரித்து எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மின்னூலை யாரும் பிரித்து எழுதுவதில்லை, பழகிவிட்டது. இதுவும் பழகும் என்று சேர்த்தே எழுதுகிறேன்.

பிடரியில் தோலுக்கு அடியில் மின்முனை பதிக்கும் அறுவைசிகிச்சைக்கு நீவல் பொருந்தாது. உள்ளே புதைத்துவிட்டு நீவுகிறோம் என்றால் சிரிப்பார்கள். அங்கே 'பிடரி நரம்புத் தூண்டல்' அப்படியே இருக்கட்டும். அதைப் படிப்பவருக்கு அறுவைமருத்துவர் எதிரில் உட்கார்ந்து விளக்குவார். 12ஆம் பக்கத்துத் தூண்டிகளைக் 'கிளப்பும் காரணிகள்' ஆக்கிவிட்டேன். வெயில் தலைவலியைக் கிளப்பிவிட்டது என்றுதானே சொல்கிறோம்?

திருத்திய 31ஆம் பக்கத்தை நேற்று இரவு அக்காவிடம் கொடுத்தேன். அவர் மூன்று மாதமாக நெற்றிக் கருவி வைத்துக்கொள்கிறவர். பென்சிலோடு படித்தார். மின்னீவலை அடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும் இப்படி எழுதித் தந்தார்: "நீவல் சரி. ஆனால் முதல் சில நிமிடம் நெற்றியில் எறும்புப் புற்று கலைந்ததுபோல் இருக்கும், அதையும் எழுது. பெயரை நம்பி வைத்தவர் பயந்துபோய்ப் பிய்த்து எறிந்துவிடுவார்."

எழுதிவிட்டேன்.