ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வாகன நிறுத்துமிடத்தையும் சலவை அறையையும் உரிமையாளர் நீக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. எங்களுக்கென ஒதுக்கிய வாகன நிறுத்துமிடத்தையும், எல்லாக் குடித்தனக்காரர்களும் பயன்படுத்தும் சலவை அறையையும் அடுத்த மாதம் முதல் கிடங்காக மாற்றப் போவதாக உரிமையாளர் லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். வாடகைக் குறைப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நேரில் கேட்டதற்கு, வாடகை வீட்டுக்கு மட்டுமே என்றும், மற்றவை தாமாக மனமுவந்து கொடுத்தவை என்றும் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் "மூடிய வாகன நிறுத்துமிடம் ஒன்று" என்று எழுதியிருக்கிறது. சலவை அறையைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. ஆனால் வீடு வாடகைக்கு என்று அவர் கொடுத்த விளம்பரத்தில் அது இருந்தது. என் மாமியார் கைத்தடி ஊன்றி நடப்பவர் என்பதால், வண்டி வாசலருகே நிற்பது எங்களுக்கு அவசியம். உரிமையாளருக்கு இப்படிச் செய்ய உரிமை உண்டா? அடுத்த மாத வாடகையில் நாங்களே ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாமா?

முதல் பதில்

நீங்கள் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டப் பிரிவுகள் மாறும். ஆயினும் பெரும்பாலான இடங்களில் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றுதான்: அந்த வசதி ஒப்பந்தத்தின் பகுதியா, அது இல்லாமல் அந்த வீட்டில் இயல்பாகக் குடியிருக்க முடியுமா, அதை நீக்கியதால் நீங்கள் கொடுக்கும் வாடகைக்குக் கிடைக்கும் பயன் எவ்வளவு குறைகிறது?

இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லும் சட்டம் ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கிறது. குடியிருப்பதற்கு இன்றியமையாத வசதியையும், ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனையாக அமைந்த வசதியையும் உரிமையாளர் நிறுத்தவே கூடாது. மற்ற வசதிகளை நிறுத்தலாம். ஆனால் 30 நாள்களுக்கு முன்பே உரிய படிவத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், அந்த வசதியின் மதிப்புக்கு ஈடாக வாடகையையும் குறைக்க வேண்டும். லிஃப்ட் அருகே ஒட்டிய ஒரு தாள் இந்த இரண்டில் எதையும் நிறைவேற்றாது என்பதைக் கவனியுங்கள். அதே நாட்டின் மற்றொரு மாகாணமான ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டமும், சேவையோ வசதியோ குறைக்கப்பட்டால் வாடகையைக் குறைக்கக் கோரி விண்ணப்பிக்கும் உரிமையைக் குடியிருப்பவருக்குத் தருகிறது. குறைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடக்கும் குத்தகைதாரர் இடையூறின்றிச் சொத்தை அனுபவிக்கலாம் என்ற உறுதியை, எழுதப்படாவிட்டாலும் எழுதப்பட்டதாகவே கொள்கிறது. மத்திய அமைச்சரவை 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு வாகன நிறுத்துமிடத்தையும் இன்றியமையாச் சேவைகளில் சேர்த்திருக்கிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லுபடியாகும். இருந்தாலும் நிறுத்துமிடம் வெறும் சலுகை என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை அது காட்டுகிறது.

உங்கள் நிறுத்துமிடம் எழுத்தில் இருக்கிறது. எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை ஒரு தரப்பு மட்டும் நினைத்து அழித்துவிட முடியாது. சலவை அறைக்கு நீங்கள் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தின் நகல், வீடு பார்க்க வந்தபோது நடந்த குறுஞ்செய்திப் பரிமாற்றம், தொடக்கத்திலிருந்தே எல்லோரும் அதைப் பயன்படுத்தி வந்த வழக்கம் ஆகியவை, அந்த வசதியையும் எண்ணியே வாடகை பேசப்பட்டது என்று நிறுவ உதவும். இன்றே எல்லாவற்றையும் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள், விளம்பரங்கள் மறைந்துபோகும்.

வாடகையை நீங்களாகக் கழிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஜெர்மனியில் குடிமையியல் சட்டத்தின் 536ஆம் பிரிவின்படி, வீட்டின் பயன்பாட்டைக் கணிசமாகக் குறைக்கும் குறை இருந்தால் வாடகை தானாகவே குறைகிறது. அங்கேயும் குறையை உரிமையாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பல நாடுகளில் அந்த வாய்ப்பும் இல்லை. குறைத்துக் கொடுத்த வாடகை பாக்கியாகக் கணக்கிடப்பட்டு, நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குக்கு அதுவே காரணமாகிவிடும்.

இரண்டாம் பதில்

நான் வீடுகளை வாடகைக்கு விடுபவன். உரிமையாளர் தரப்பிலும் சில நியாயங்கள் உண்டு. மின்கம்பிகள் பழுதாகி, ஆபத்து என்று பொறியாளர் சொன்ன பிறகு அறையைத் திறந்து வைப்பது தவறு. பழுதுபார்ப்பதற்காகச் சில நாள்கள் மூடுவதை வசதி நீக்கம் என்று சொல்லவும் முடியாது. ஆனால் இங்கே நடப்பது பழுதுபார்ப்பு அன்று. இடத்தைக் கிடங்காக்கி வேறு வருமானம் பார்க்க நினைப்பவர், அதற்குரிய இழப்பைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது முறையாகாது. அறிவிப்பைக் கண்டதும் சண்டையைத் தொடங்காமல், மாற்று இடம் தர முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே மூடிய இடம் கிடைத்தால் உங்கள் மாமியாரின் தேவை நிறைவேறும். உரிமையாளருக்கும் வேலை நடக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாற்று இடம் பற்றிக் கேட்டேன். தெருமுனையில் உள்ள திறந்த வெளியைக் காட்டினார். மாமியாரால் அவ்வளவு தூரம் நடக்க இயலாது. எழுத்து மூலம் கேட்பதென்றால் கடிதத்தில் என்ன எழுதுவது? வாடகையில் எவ்வளவு குறைக்கக் கேட்பது நியாயம்?

மூன்றாம் பதில்

கடிதம் சுருக்கமாகவும் கோபமின்றியும் இருக்கட்டும். இப்படித் தொடங்கலாம்: "நம் வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பில் கண்ட மூடிய வாகன நிறுத்துமிடத்தையும், விளம்பரத்தில் குறிப்பிட்ட சலவை அறையையும் நிறுத்துவதாகத் தாங்கள் ஒட்டியுள்ள அறிவிப்புக்கு நாங்கள் இசையவில்லை. இவ்வசதிகளைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறோம். தொடர இயலாதெனில், அவற்றின் மதிப்புக்கு ஈடாக வாடகையைக் குறைக்கும் திருத்தத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகிறோம். அதுவரை நாங்கள் செலுத்தும் முழு வாடகையும் எங்கள் உரிமையைக் கைவிடாமல் செலுத்துவதாகும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் முழு வாடகையைத் தொடர்ந்து கட்டியதால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பின்னால் வாதிட அது இடம் தராது. பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, அந்த வட்டாரத்தில் நிறுத்துமிடம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வாடகையில் உள்ள வித்தியாசமே நல்ல அளவுகோல். வெளியே மூடிய இடம் எடுத்தால் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சலவைக்கு வெளியில் ஆகும் செலவிலிருந்து, இதுவரை அந்த அறையில் நீங்கள் செலவிட்டதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கேளுங்கள். மிகைப்படுத்திய கணக்கு மற்ற கணக்குகளின் மீதும் சந்தேகத்தை எழுப்பும். மாமியாரின் நிலையைக் கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதி, மருத்துவர் சான்றையும் இணையுங்கள். உடல் இயலாமை உள்ளவருக்கு வீட்டில் செய்துதர வேண்டிய ஏற்பாடுகள் பல நாடுகளில் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால், சாதாரண வாகன நிறுத்துமிடத்தைக் காட்டிலும் வலுவான கோரிக்கையாக அது அமையக்கூடும்.

மற்ற வீட்டாரிடமும் பேசுங்கள். சலவை அறை எல்லோருக்கும் பொதுவானது என்பதால் பலர் கையெழுத்திட்ட கடிதத்தை ஒதுக்கித் தள்ளுவது கடினம். இதற்கிடையில் "புதுப்பிப்பு" என்று சொல்லி ஏதேனும் தாளை நீட்டினால், இணைப்புப் பட்டியலில் நிறுத்துமிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் வரவில்லை என்றாலோ மறுத்துவிட்டாலோ, உங்கள் ஊரில் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திடமோ இந்தக் கடிதத்தையும் ரசீதுகளையும் இணைத்து விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள் எது என்பதைக் கடிதம் அனுப்பும் அன்றே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.