தடையில் இருக்கும் வீரரைத் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் ஓட்டவிடலாமா?

கோட்டையூர் கமிட்டி

வணக்கம். வைகாசித் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் முடிந்த மறுநாள் சைக்கிள் பந்தயம் வைக்கிறோம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் போய்வர சுமார் 40 கி.மீ. பொதுப் பிரிவு ஒன்று, 17 வயதுக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று. பரிசுப் பணம் ஊர்ப் பொதுவில் இருந்து. நேரம் பார்க்கவும் முடிவுக்கோட்டில் நிற்கவும் மாவட்ட சைக்கிள் சங்கத்துக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து வீரர் ஒருவர் மெஃபென்டெர்மின் என்ற ஊக்கமருந்து ஊசியில் மாட்டி 4 ஆண்டு தடையில் இருக்கிறார். இன்னும் 14 மாதம் பாக்கி. அவரும் பெயர் கொடுத்திருக்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் "நம்ம பிள்ளை, ஓட்டட்டும்" என்கிறார்கள். மீதிப் பேர் திடல் பக்கமே வரக்கூடாது என்கிறார்கள். விதி என்ன சொல்கிறது? பந்தயத்தன்று காலையில் சில பையன்கள் ஊசி போட்டுக்கொண்டு வருவதாகவும் பேச்சு. கடையில் விற்கும் பரிசோதனைக் கிட் வாங்கி நாமே சோதிக்கலாமா?

பச்சைக்கொடி

முதலில் சங்கத்துக்காரர்கள் வருகிற விஷயத்தை முடிவு செய்யுங்கள், அண்ணே. மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் 2021 விதித்தொகுப்பில் 10.14 என்ற பிரிவு இருக்கிறது. தடையில் இருப்பவர், விதித்தொகுப்பை ஏற்ற அமைப்போ, அதன் உறுப்புச் சங்கமோ, அந்தச் சங்கத்தின் கிளப்போ நடத்துகிற அல்லது அனுமதி கொடுக்கிற எதிலும் பங்கேற்கக்கூடாது. ஓட்டுவது மட்டுமல்ல, பயிற்சியாளராக, நடுவராக, எந்தப் பொறுப்பிலும் வரக்கூடாது. மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டது, மாநிலச் சங்கம் இந்திய சைக்கிள் கூட்டமைப்புக்குக் கட்டுப்பட்டது. சங்கத்தின் பெயர் நோட்டீஸில் வந்தாலோ, அவர்கள் ஆட்கள் அதிகாரப்பூர்வமாக முடிவு எழுதினாலோ அந்தச் சங்கிலிக்குள் உங்கள் பந்தயமும் வந்துவிடும். அப்புறம் "ஊர்ப் பந்தயம்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது.

தடையை மீறி ஓட்டினால் அந்த முடிவு ரத்து. முதலில் கிடைத்த தடை எவ்வளவோ அதே அளவு புதிய தடை பழையதன் வாலில் சேரும். தவறின் அளவைப் பார்த்து அதைக் குறைக்க இடமுண்டு, ஆனால் அதை நம்பி இறங்கக்கூடாது. அதாவது 14 மாதத்தில் வெளியே வரவேண்டியவர் 5 ஆண்டுக்கு மேல் உள்ளே கிடக்க நேரலாம். தெரிந்தே சேர்த்துக்கொண்ட சங்கத்து ஆட்களுக்கும் உடந்தை என்று நடவடிக்கை வரும். அதற்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டு. "நம்ம பிள்ளை" என்று இரக்கப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

சங்கம் துளியும் சம்பந்தப்படாத தனி ஊர்ப் பந்தயமாக இருந்தால் 10.14 நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அப்போதும் என் கருத்து வேண்டாம் என்பதுதான். அதே கோட்டில் நிற்கிற மற்றவர்களுக்கு அது நியாயமில்லை.

ஆனால் திடல் பக்கம் வரக்கூடாது என்பதற்கு எந்த விதியும் இல்லை. கூட்டத்தில் நின்று பார்க்கலாம். தனியாகச் சாலையில் பயிற்சி செய்யலாம். தடையின் கடைசி 2 மாதம் அல்லது கடைசிக் கால்பங்கு, இரண்டில் எது குறைவோ அந்தக் காலத்தில் கிளப்போடு சேர்ந்தே பயிற்சி எடுக்கலாம். அவருக்கு 4 ஆண்டுத் தடை என்பதால் அது 2 மாதம். தடைக்காலத்திலும் சோதனைக்கு ஆள் வந்தால் மாதிரி கொடுத்தே ஆகவேண்டும் என்பதை மட்டும் அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

கிட் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கிற சிறுநீர்க் கீற்று போதைப்பொருளுக்கானது, ஸ்டீராய்டு, ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் ஈ.பி.ஓ. எதையும் காட்டாது. உண்மையான சோதனையில் அதிகாரி நேரில் பார்த்து நிற்க, குறைந்தது 90 மி.லி. சிறுநீர் எடுத்து, ஏ பாட்டிலில் 60, பி பாட்டிலில் 30 என்று பிரித்து, வீரர் கண்முன்னே முத்திரை வைத்து, டெல்லி தேசிய ஆய்வகம் போல அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த முறை இல்லாத முடிவை வைத்து ஒரு பையனைக் குற்றவாளி என்று மைக்கில் சொன்னால் வழக்கு உங்கள் மேல் வரும்.

தேவகோட்டை மருந்தாளுநர்

ஊசிப் பேச்சை லேசாக விடாதீர்கள். மெஃபென்டெர்மின், அறுவை அரங்கில் மயக்க மருந்துக்குப் பிறகு சரிகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிட வைத்திருக்கிற மருந்து. ஜிம் வட்டாரத்தில் இது கைமாறுகிறது. போட்டவுடன் இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும், களைப்பு தெரியாது. ஆபத்தே அந்தத் தெரியாமல் போவதில்தான். நம் ஊர் வைகாசி வெயிலில் உடல் "போதும், நிறுத்து" என்று சொல்லும் குரலை ஊசி அமுக்கிவிடும், உடல் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். 1967 ஜூலை 13 அன்று பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் மோன் வான்டூ மலையேற்றத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் இறந்தது ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து, மது, வெயில், கடும் உழைப்பு எல்லாம் சேர்ந்துதான்.

வேண்டுமென்று செய்யாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. கவனிக்க வேண்டியவை:

இருமல் சிரப். மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பூட்டலின் கலந்தது நம் கடைகளில் சர்வசாதாரணம். பந்தயமில்லாத நாளிலும் தடை. ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமாலும் வாய்வழியாக எடுத்தால் தடை. இன்ஹேலர் மட்டும் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல். பாட்டிலின் பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றுவது. "அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்பது இங்கே பழக்கம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றினால், பாட்டிலில் வெறும் உப்புநீர் இருந்தாலும் விதிமீறல். ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவை, நோயைக் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. பந்தயத்துக்கு முந்தின இரவு ஏற்றுகிற வழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். அரை லிட்டர் பாட்டில் என்றால் 100 மி.லி. சீக்கிரமே தாண்டிவிடும்.

டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வகை மாத்திரை. சளி, அரிப்பு என்று போனால் கை நிறையத் தருகிறார்கள். போட்டிக் காலத்தில் தடை. வாய்வழி எடுத்தால் குறைந்தது 3 நாள் இடைவெளி வேண்டும். அதே வகையில், தசையில் போடும் டிரையாம்சினோலோன் ஊசிக்கு 60 நாள்.

ஆஸ்துமா போன்ற உண்மையான நோய் இருந்து தடை மருந்துதான் தேவை என்றால், சிகிச்சைக்கான விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். போட்டிக்கு 30 நாள் முன்பாவது அனுப்புவது நல்லது.

காபிக்குத் தடை இல்லை. இதையும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

பள்ளத்தூர் சக்கரம்

இவ்வளவு கணக்கு எதற்கு? ஒருமுறை மாட்டினால் ஆயுள் முழுக்கத் தடை என்று வைத்தால் எவனும் ஊசியைத் தொடமாட்டான். வெயிலில் தினமும் நூறு கி.மீ. மிதித்து நேர்மையாக நான்காவது வந்தவனுக்கு யார் பதில் சொல்வது? திருடியவன் 4 ஆண்டில் திரும்பி வந்து அதே பரிசை வாங்குவான். எனக்கு இது பொறுக்கவில்லை.

பச்சைக்கொடி

உங்கள் கோபம் சரியானது. நான்காவது வந்தவனுக்கு மேடை கிடைக்காமல் போனதை எந்தத் தடையும் திருப்பித் தராது. ஆனாலும் எல்லாருக்கும் ஆயுள் தடை என்பது அவனுக்கு உதவாது. சைக்கிள் பந்தய வரலாறே அதற்குச் சாட்சி.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் 7 முறை வென்ற பட்டங்கள் 2012-ல் பறிபோனதற்கு முக்கியக் காரணம் கூட ஓட்டியவர்களின் வாக்குமூலம். 2010-ல் ஃப்ளாய்ட் லாண்டிஸ் வாய் திறந்தார், பிறகு ஹின்கேப்பி, லைப்ஹைமர் போன்றவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்கு 6 மாதத் தடை. ஆம்ஸ்ட்ராங்குக்கும் டாக்டர் மிகேலே ஃபெராரிக்கும் ஆயுள். அணி மேலாளர் யோஹான் புருய்னேலுக்கு முதலில் 10 ஆண்டு, 2018-ல் அதுவும் ஆயுள் ஆனது. சாட்சி சொன்னாலும் ஆயுள்தான் என்றிருந்தால் யார் பேசியிருப்பார்? இன்றைய விதியிலும் கணிசமான தகவல் தந்து உதவினால் தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கலாம்.

2004-ல் 2 ஆண்டு தடை வாங்கிய டேவிட் மில்லர் திரும்பி வந்து ஊக்கமருந்துக்கு எதிராகவே வெளிப்படையாகப் பேசினார். திரும்பும் வழி இருந்ததால்தான் அவர் குரல் கிடைத்தது.

இன்னொன்று. இருமல் சிரப் குடித்தவனும் ஈ.பி.ஓ. போட்டவனும் ஒன்றல்ல. டெர்பூட்டலின் போன்ற மருந்துக்கு, வேண்டுமென்றே எடுத்ததாக அதிகாரிகள் நிரூபிக்காவிட்டால் 2 ஆண்டுதான் தொடக்கம். தவறு சிறியது என்று வீரர் காட்டினால் வெறும் எச்சரிக்கை வரை குறையும். மெஃபென்டெர்மின் வேறு வகை. 4 ஆண்டு தொடக்கம், வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை வீரர்தான் நிரூபிக்கவேண்டும். 4 ஆண்டு வரும் என்ற நோட்டீஸ் கிடைத்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறையும்.

உங்கள் கோபத்தின் முழு எடையையும் கொடுத்தவன் மேல் வையுங்கள். மருந்து விற்றல், பிறருக்குப் போடுதல் இரண்டுக்கும் 4 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. விதி பாதுகாக்கும் சிறுவனுக்கு ஒரு பயிற்சியாளர் இப்படி ஊசி போட்டால் நேராக ஆயுள். ஊரில் பையன் பெயர் மட்டும் நாறுகிறது, குப்பியைக் கொண்டுவந்தவன் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுகிறான்.

கோட்டையூர் கமிட்டி

தெளிவாகிவிட்டது. சங்கத்தின் பெயரோடுதான் நடத்துகிறோம், அவரைச் சேர்க்கவில்லை. பெயர்ப்பதிவிலும் பந்தயக் காலையிலும் என்ன செய்யலாம்? பள்ளிப் பிள்ளைகளிடம் அவரையே பேசவைக்கலாமா?

பச்சைக்கொடி

பேசவைப்பதை, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா அங்கீகரித்த விழிப்புணர்வு நிகழ்ச்சியாக மட்டும் வையுங்கள், அதற்கு விதியில் விலக்கு உண்டு. பந்தய மேடையில் மைக்கைக் கொடுத்தால் சிக்கல். சங்கம் மூலம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

பதிவுப் படிவத்தில் மூன்று கேள்வி போதும்: தற்போது தடையில் இருக்கிறீர்களா, கடந்த ஒரு மாதத்தில் எடுத்த மருந்துகள் என்ன, விலக்குச் சான்று உண்டா. 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. எண் அட்டை கொடுக்குமுன் நாடா வெளியிடும் தடைப் பட்டியலில் பெயரைப் பாருங்கள்.

தேவகோட்டை மருந்தாளுநர்

காலை 6 மணிக்கே கொடி அசையுங்கள், வெயிலுக்கு முன் முடியட்டும். பையிலோ வண்டியிலோ சிரிஞ்சு கண்டால் ஓட்ட அனுமதி இல்லை என்று நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். சிகிச்சைக் காரணமில்லாத ஊசிக்கு உலக சைக்கிள் சங்கமே 2011-ல் தடை போட்டுவிட்டது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் மட்டும் சான்றோடு முன்கூட்டிச் சொல்லட்டும்.

குப்பி கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். லேபிளில் உள்ள தொகுதி எண்ணோடு படம் எடுத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். சீட்டில்லாமல் அதை விற்றது 1940 மருந்துச் சட்டப்படி குற்றம், அந்த எண்ணைப் பிடித்து எந்தக் கடை என்று தேட முடியும்.

முடிவுக்கோட்டில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி, ஓ.ஆர்.எஸ்., 108 வண்டி. ஒரு பையன் தடுமாறி, பேச்சு குழறி விழுந்தால் முதலில் தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவையுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாரும் அவனைத் திட்டவேண்டாம்.