வீரா 1.5-இல் ஜிஎஸ்ஆர் டர்போ இன்ஜின்: வீட்டுப் போர்ச்சிலேயே மாற்ற முடியுமா?

போர்ச் மெக்கானிக் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 இருக்கிறது. அப்பா வாங்கிய கார். மேனுவல் கியர், கார்புரேட்டர் வைத்த 4ஜி15 இன்ஜின். உடலில் துரு அதிகமில்லை என்றாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலைக் குடித்துவிடுகிறது. ரிங் மாற்றி ஓவர்ஹால் செய்யும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், ஜப்பானிலிருந்து வரும் மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் ஹாஃப் கட் (இன்ஜினோடு வெட்டியெடுத்த முன்பாதிக் கார்) ஒன்றை வாங்கி, அதிலுள்ள 4ஜி93 டர்போ இன்ஜினை நானே பொருத்திவிடலாமே என்ற எண்ணம் சில மாதங்களாக என்னை விடவில்லை. வீராவின் அடித்தளம் லான்சரே என்பதால் போல்ட்டுக்குப் போல்ட் உட்கார்ந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள்.

கிளட்ச், டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் வேலைகளை வீட்டில் செய்து பழகியிருக்கிறேன். இன்ஜினை முழுதாக இறக்கியதில்லை. இடம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் போர்ச். நேரம் சனி, ஞாயிறு மட்டும். எங்கே தொடங்க வேண்டும், எதில் மாட்டிக்கொள்வேன் என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிள்ளான்வாசி எழுதியது:

தம்பி, இதே வேலையை இதே வகைக் காரில் வீட்டில் செய்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்ஜினை உட்கார வைப்பதுதான் இதில் மிகச் சுலபமான பகுதி. வீரா 1.8 இஎக்ஸ்ஐ தொழிற்சாலையிலிருந்தே 4ஜி93 குடும்பத்து இன்ஜினோடுதான் வந்தது. ஆகவே அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய இடமும் பிடிப்பும் இந்த உடலுக்குப் புதியவை அல்ல. 1.5-இன் மவுண்டுகளை மட்டும் அப்படியே பயன்படுத்த முடியாது. ஹாஃப் கட்டோடு வரும் மவுண்டுகளையும் குறுக்குச் சட்டத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் தாள்களைப் பாருங்கள். நான் அதைக் கடைசியில் பார்த்தேன். இன்ஜின் ஏறி, ஓடி, அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் இன்ஜின் எண்ணை மாற்றப் போனேன். வாங்கிய கடையின் ரசீதில் இன்ஜின் எண்ணே எழுதப்படவில்லை, சுங்க இறக்குமதிக்கான கே1 பாரத்தின் நகலும் கிடைக்கவில்லை. கடைக்காரர் "நாளைக்கு வா" என்று சொல்லியே ஐந்து மாதங்களைக் கடத்தினார். அந்த ஐந்து மாதமும் கார் தார்ப்பாயின் கீழ்தான் கிடந்தது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து, அதே எண் ரசீதிலும் இறக்குமதித் தாளிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்னர் ஜேபிஜே ஒப்புதலும் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையும் முடிந்து, கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) புதிய எண் ஏறினால்தான் அது உங்கள் கார். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் அவர்கள் இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். சாலை வரியும் மாறும்: தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு இப்போது நீங்கள் 90 ரிங்கிட் கட்டுகிறீர்கள், 1,834 சிசி என்றால் 280 ரிங்கிட் அடிப்படையோடு 1,800-க்கு மேலுள்ள 34 சிசிக்குத் தலா 50 காசு சேர்ந்து 297 ரிங்கிட் ஆகும்.

இரண்டாவதாக, இன்ஜினை ஹாஃப் கட்டில் இருக்கும்போதே சோதியுங்கள். காப்பார் சாலைப் பக்கக் கடைகளில் கேட்டால் பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். அதோடு நிறுத்தாமல் நான்கு பிளக்குகளையும் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு ஒரு பார் (அழுத்த அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும். டர்போவின் வாயிலில் விரலை விட்டு அச்சை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் இழுபட்டாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ விலையில் ஒரு டர்போவின் பணத்தைக் கழித்துப் பேசுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் தாரைப் பூசியதுபோல் கறுத்திருந்தால் பேசவே வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள். 1990-களின் முற்பகுதியில் செய்த இன்ஜின் இது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் சீல்கள் முன்னும் பின்னும், கிளட்ச் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பின் சீலுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கிய நாள் எனக்கு இன்றும் முதுகில் நினைவிருக்கிறது. இன்னொன்று: போர்ச்சின் உத்தரத்திலோ கூரை இரும்பிலோ செயின் பிளாக்கை மாட்டாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ இருநூறு கிலோ. அந்தக் கூரை மழைக்கும் வெயிலுக்கும் மட்டுமே கட்டப்பட்டது. இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள், தரை சமமாக இருக்கட்டும், உதவிக்கு இன்னொருவர் எப்போதும் உடன் இருக்கட்டும்.

ஒயர்மேன் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது அனைத்தும் சரி. நான் என் துறையை மட்டும் சேர்க்கிறேன். கார்புரேட்டர் வீராவில் இன்ஜினுக்கென்று கணினி கிடையாது. ஆகையால் நீங்கள் இன்ஜினை மட்டும் மாற்றவில்லை, காரின் நரம்பு மண்டலத்தையே மாற்றுகிறீர்கள். கடையில் ஹாஃப் கட்டைப் பிரிக்கும்போது டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள வயரிங்கை ரம்பத்தால் அறுத்துவிடுவது வழக்கம். அதற்கு முன்பே போய் நின்று, இசியு (இன்ஜின் கணினி), அதன் பிளக்குகள், ரிலேக்கள், மீட்டர், இன்ஜெக்டர் வயரில் மின்தடைப் பெட்டி இருந்தால் அது உட்பட எல்லாவற்றையும் அறுக்காமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கால மிட்சுபிஷி டர்போக்களில் தாழ்ந்த மின்தடை கொண்ட இன்ஜெக்டர்கள் பரவலாக இருந்தன. பெட்டியை விட்டுவிட்டு நேராக இணைத்தால் இசியு வெந்துபோகும்.

வாங்கியதும் இசியு பெட்டியின் நான்கு ஸ்குருக்களைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள். கருவாட்டு வாடை வீசினால் உள்ளே கெபாசிட்டர் கசிந்திருக்கிறது என்று பொருள். அக்கால மிட்சுபிஷி இசியுக்களுக்கு இது பிறவி நோய்; கசிந்த நீர் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் கெபாசிட்டர்களை மாற்றி, பலகையைத் துடைத்துக் காப்பாற்றிவிடலாம். பிறகு கண்டால், "ஐடில் நிற்கவில்லை, கருப்புப் புகை வருகிறது" என்று மாதக்கணக்கில் சென்சார்களை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். என்னிடம் வரும் இத்தகைய கார்களில் பாதிக்கு நோய் அந்தப் பெட்டிக்குள்தான்.

எரிபொருள் பக்கம் இன்னும் எளிமையாகச் சொல்லலாம். உங்கள் காரின் பம்ப் இன்ஜினே இயக்கும் இயந்திரப் பம்ப். அதன் அழுத்தம் கார்புரேட்டருக்குப் போதும், மூன்று பார் அளவுக்கு அழுத்தம் கேட்கும் இன்ஜெக்டர்களுக்குப் போதாது. இன்ஜெக்‌ஷன் வைத்த வீராவின் பெட்ரோல் டாங்கியை உள்பம்போடு வாங்கி மாற்றுவதே சுத்தமான வழி. பழைய ரப்பர் குழாய்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அவை அந்த அழுத்தத்துக்கு உரியவை அல்ல, ஒழுகினால் கீழே சூடான டர்போ இருக்கிறது.

கடைசியாக, "ப்ஷ்" என்ற சத்தத்தோடு டர்போ காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வை ஆசைப்பட்டு மாட்டிவிடாதீர்கள். இந்த இன்ஜின் உள்ளே போகும் காற்றை டர்போவுக்கு முன்னாலேயே, கார்மன் சுழல் முறையில் எண்ணிக்கொள்கிறது. எண்ணி முடித்த காற்றை வெளியே விட்டால் இசியுவுக்கு அது தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலை ஊற்றும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தடுமாறும், சாலைச் சமிக்ஞை விளக்கில் நின்றால் இன்ஜின் அணையும். காற்று மீண்டும் உறிஞ்சு குழாய்க்கே திரும்பும்படி விட்டுவிடுங்கள்.

சிரம்பான் சாலை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆயில் குடிப்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கு டர்போ மருந்தல்ல. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-யில் வந்த டர்போ இல்லாத 1.8 டிஓஎச்சி (இரட்டைக் கேம்ஷாஃப்ட்) இன்ஜின் 140 குதிரைத்திறன் தருகிறது. உங்களுடைய இப்போதைய 90-ஓடு ஒப்பிட்டால் அதுவே வேறு கார். இன்டர்கூலர் இல்லை, வெப்பத் தலைவலி இல்லை, முன்சக்கர கியர்பாக்ஸும் அதனுடனேயே வருகிறது. ஜிஎஸ்ஆரின் 195 குதிரைத்திறன் என்பது ஜப்பானில் ஏறத்தாழ 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றிச் சொன்ன கணக்கு. இங்கே 97 ஊற்றினாலும் இசியு இன்ஜினின் தட்டலைக் (நாக்கிங்) கேட்டுப் பற்றவைப்பைப் பின்தள்ளும், 95 ஊற்றினால் சொல்லவே வேண்டாம். அதோடு உங்கள் 1.5-க்குப் பின்னால் டிரம் பிரேக். இரு மடங்குச் சக்தியை அதை வைத்து நிறுத்துவீர்களா?

போர்ச் மெக்கானிக் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிரேக்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹாஃப் கட்டில் முன் பிரேக் மட்டும்தான் வரும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஜிஎஸ்ஆர் நான்கு சக்கர இயக்கம் கொண்டது என்பதால், அதன் கியர்பாக்ஸை என்ன செய்வது என்பதிலும் குழப்பம். பின்னால் போகும் தண்டைக் கழற்றிவிட்டால் முன்சக்கரங்கள் ஓடும் என்று ஒரு போர்மன் சொன்னார்.

கிள்ளான்வாசி எழுதியது:

கழற்றிவிட்டால் மட்டும் போதாது, தம்பி. அந்தப் பெட்டிக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கும் நடு டிஃப்ரென்ஷியல் இருக்கிறது. பின்னால் பிடிப்பே இல்லாவிட்டால் சக்தி எளிதான வழியான அந்தப் பக்கமே போகும்; இடையிலுள்ள பிசுக்குத் திரவ இணைப்பு மட்டும் சமாளித்துச் சமாளித்துச் சூடேறி வெந்துவிடும். எனவே நடு டிஃப்ரென்ஷியலை வெல்டிங் செய்து பூட்டி, பின் வாயிலை அடைக்க வேண்டும். அல்லது 4ஜி93-க்கு உரிய முன்சக்கர கியர்பாக்ஸ் ஒன்றைத் தேட வேண்டும். முதல் வழியின் தரம் வெல்டிங் செய்பவரின் கையில். இரண்டாவது வழியின் ஆயுள் உங்கள் வலது காலில், ஏனெனில் அந்தப் பெட்டி டர்போவின் முறுக்கு விசைக்காகச் செய்யப்பட்டதன்று. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். முதல் கியரில் முழு மிதி மிதிப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு அது இன்னும் ஓடுகிறது.

சிரம்பான் சாலை சொன்ன பிரேக் பேச்சில் எனக்கு மறுப்பே இல்லை. பின் டிஸ்க் வந்த வீராவின் பின்பாகங்களையும் அதற்குரிய பிரேக் மாஸ்டர் பம்பையும் இன்ஜினுக்கு முன்பே மாற்றுங்கள், பழைய 1.5-ஓடு சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துப் பழகலாம், அதில் ஒரு நட்டமும் இல்லை.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் நாளுக்கும் ஒரு சொல். பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல், மேடேறாமல், சாய்வாகவே சம்ப்புக்கு (அடி ஆயில் தொட்டிக்கு) இறங்க வேண்டும். எனக்கு முதல் நாள் வெண்ணீலப் புகை தெருவையே மறைத்தது. டர்போ போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்து, ரப்பர் குழாய் மடங்கியிருப்பதைக் காட்டினார். இரண்டு அங்குலம் வெட்டியதும் புகை நின்றது.

போர்ச் மெக்கானிக் எழுதியது:

நேற்றுச் சனிக்கிழமை ஒரு கடைக்குப் போனேன். இன்ஜின் நன்றாக ஓடியது; கம்ப்ரஷன் நான்கிலும் நெருக்கமாக வந்தது; இசியுவில் மட்டும் லேசான வாடை. கே1 நகலைக் கேட்டதும், "மற்றவர்கள் யாரும் கேட்பதில்லையே" என்றார். இன்ஜின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, தாளை எடுத்து வைத்தால் அடுத்த சனிக்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் பின் டிஸ்க் தொகுதி ஒன்றுக்கு விலை பேசி வாங்கியாகிவிட்டது. இப்போது போர்ச்சில் பின் சக்கரங்கள் இரண்டும் கழன்று நிற்கின்றன.