நியூ மெக்சிகோ அணுக்கழிவு: மேலே எச்சரிக்கைக் கல் வேண்டுமா?

பாலைவண்ணன்:
அமெரிக்காவில் கார்ல்ஸ்பாட் ஊர்ப் பக்கம், 655 மீட்டர் ஆழத்து உப்புப் பாறைக்குள் 1999 முதல் புளூட்டோனியம் பட்ட கையுறை, கருவி, கந்தல் எல்லாம் டிரம் டிரம்மாகப் புதைக்கிறார்கள். மூடிய பிறகு மேலே 25 அடி கருங்கல் தூண்கள் நட்டு, ஐ.நா.வின் ஆறு மொழிகளோடு நவஹோ என்ற பழங்குடி மொழியிலும் எச்சரிக்கை பொறிப்பதாகத் திட்டம். வேண்டவே வேண்டாம் என்பேன். தூணைப் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் தோண்டுவார்கள். எகிப்துக் கல்லறைகளில் அதுதானே நடந்தது? தடயமே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

நெய்தல்:
655 மீட்டருக்கு யாரும் கடப்பாரையோடு இறங்கப் போவதில்லை நண்பரே. அந்த வட்டாரமே எண்ணெய், எரிவாயு, பொட்டாஷ் எடுக்கிற பூமி. விவரம் தெரியாமல் துளை போடுகிறவன்தான் ஆபத்து. டிரம் கிழிந்தால் துளைச் சேற்றோடு புளூட்டோனியமும் மேலே வரும். அவனுக்கு யார் சொல்வது?

செல்வி_மதுரை:
தடயமில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலின் கோயானியாவைப் பாருங்கள். 1987-இல் கைவிடப்பட்ட சிகிச்சை மையத்திலிருந்து கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போனார்கள். உள்ளே இருந்த சீசியம் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததும், அதிசயப் பொருளென்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்தார்கள். நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. அது என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நினைத்தாலே மனசு ஆறவில்லை.

பாலைவண்ணன்:
அக்கா, அது ஊருக்கு நடுவே கிடந்தது. இது பாலைவனத்தின் அடியில். கல்லை யார் மதிக்கிறார்கள்? ஜப்பான் கிழக்குக் கரையெங்கும் சுனாமி எச்சரிக்கைக் கற்கள் நின்றன. பல ஊர்களில் அதையும் தாண்டித்தான் வீடு கட்டினார்கள்.

நெய்தல்:
அங்கேயே அனெயோஷி என்ற கிராமம் கட்டவில்லையே! 1933 சுனாமிக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அங்கே கல் நட்டார்கள். 2011-இல் அலை அந்தக் கல்லை எட்டவில்லை. மேலே இருந்த வீடுகள் தப்பின.

பாலைவண்ணன்:
அது 78 ஆண்டு. புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு. அதுவரை எந்தத் தூண் நிற்கும்?

நெய்தல்:
தூணை மட்டும் நம்பி அவர்களும் இல்லை. கல்லிலும் சுட்ட களிமண்ணிலும் எச்சரிக்கை பொறித்த சிறு வில்லைகளை, நிலத்தில் சில அடி ஆழத்திலேயே பரவலாகப் புதைப்பதும் அதே திட்டத்தில் இருக்கிறது. தூண் சாய்ந்தாலும், துளை போட வருகிறவன் இயந்திரம் நிறுத்த மண்ணைச் சமப்படுத்தும்போதே வில்லை அகப்படும். அதை வேண்டாமென்று எப்படிச் சொல்கிறீர்கள்?