கிள்ளினால் பால் வருகிறது, இது கீழாநெல்லிதானா?

கிணற்றடி:
மழை விட்டதிலிருந்து எங்கள் கிணற்றடி சிமெண்டு வெடிப்பில் ஒரு செடி தரையோடு படர்ந்து கிடக்கிறது. பொடி இலை, சிவந்த தண்டு. கீழாநெல்லி என்கிறார் அத்தை. வீட்டுக்காரருக்கு நான்கு நாளாகக் கண் மஞ்சள், சாப்பாடு இறங்கவில்லை, அதனால் நாளைக்கே அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கப் போகிறாராம். ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன், வெள்ளையாகப் பால் கசிந்தது. அந்தக் கையோடு முகத்தைத் துடைத்துத் தொலைத்தேன், இப்போது கண் எரிகிறது. கீழாநெல்லியில் பால் வருமா?

வயக்காட்டான்:
முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு 15 நிமிடமாவது கண்ணைக் கழுவுங்கள், கசக்காதீர்கள். எரிச்சல் நிற்காவிட்டால் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கீழாநெல்லியில் பால் வராது. நீங்கள் கிள்ளியது அம்மான் பச்சரிசி வகை. அதற்கு இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். கீழாநெல்லி படராது, நிமிர்ந்து நிற்கும். பக்கக் கிளை ஒவ்வொன்றும் பார்க்கப் புளிய இலை மாதிரியே இருக்கும். அந்தக் கிளையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகச் சின்னக் காம்பில் தொங்கும். பேரே அதனால் வந்ததுதானே. காம்பே இல்லாமல், சொரசொரப்பாகக் கிளையோடு ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு செடி.

வரப்போரம் பறிப்பவர்களுக்கும் ஒன்று: களைக்கொல்லி அடித்த இடத்துச் செடி இரண்டு மூன்று நாள் பச்சையாகத்தான் நிற்கும். எனக்குத் தெரியாத வரப்பில் நான் கை வைப்பதில்லை.

மோர்க்குழம்பு:
செடி சரியானதாகவே இருந்தாலும் நாளைக்கு முதல் வேலை ரத்தப் பரிசோதனைதான். மஞ்சள் காமாலை என்பது ஏதோ ஒரு நோயின் அறிகுறிதான், காரணம் பலது. எங்கள் சித்தப்பா மூன்று வாரம் வெறும் வயிற்றில் கீழாநெல்லி குடித்தார், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சாம்பல் நிறத்தில் போனது, கடைசியில் ஸ்கேன் எடுத்தால் பித்தநாளத்தில் கல். அதை எந்த இலை கரைக்கும்?

பச்சைமிளகாய்:
கீழாநெல்லி காமாலையைக் குணமாக்கும் என்று சென்னையில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்களே?

மோர்க்குழம்பு:
1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததுதானே? தியாகராஜன் குழுவினர் செய்தது, நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கும் அதில் உண்டு. அது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை நாள்பட்டுச் சுமப்பவர்களிடம் செய்த சோதனை. செடி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது, பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வந்தது என்றால் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடும்.

கிணற்றடி:
கண் எரிச்சல் அடங்கிவிட்டது. காலையில் அவரை லேபுக்குக் கூட்டிப் போகிறேன். அத்தை டார்ச் அடித்துக் கிணற்றடியில் ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இதுவரை ஒரு காய்கூட அகப்படவில்லை.